கட்டாத வீட்டைக் கண்முன் காட்டும் வேலை... ஃப்ரீலான்ஸராகத் தொடங்குவது எப்படி?

சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். காலி மனை, உள்ளே ஒரு ஜே.சி.பி மட்டும் நிற்கும். வெளியே இருக்கும் போர்டிலோ பதினான்கு மாடிக் குடியிருப்பு, நீச்சல்குளம், மாலை வெயிலில் சைக்கிள் ஓட்டும் குழந்தை. பார்த்தால் போட்டோ மாதிரியே இருக்கும். ஆனால், அது முழுக்க முழுக்க கம்ப்யூட்டரில் உருவான படம்.

இந்த வேலைக்கு ‘ஆர்க்கிடெக்சுரல் விஷுவலைசேஷன்’ என்று பெயர். துறையில் சுருக்கமாக ‘ஆர்க்விஸ்’ என்பார்கள். நம் ஊர் சிவில் இன்ஜினீயர்களிடம் ‘த்ரீடி எலிவேஷன்’ என்று சொன்னால் உடனே புரியும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தத் தொழில் உண்டு. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கான வடிவமைப்புப் போட்டியில் 1912-ல் வென்றவர் வால்டர் பர்லி கிரிஃபின். வரப்போகும் நகரத்தை நடுவர்களின் கண்முன் நிறுத்தியவை, அவரின் மனைவி மரியன் மஹோனி கிரிஃபின் கையால் வரைந்த ஓவியங்கள். மரியனும் ஒரு கட்டடக் கலைஞர்தான். கருவி மாறிவிட்டது, வேலை அதேதான்.

யார் செய்யலாம்?

ஆர்க்கிடெக்சர், சிவில், இன்டீரியர், விஸ்காம் படித்தவர்கள் முதல் ஐ.டி.ஐ டிராஃப்ட்ஸ்மேன் வரை பலரும் இதில் இருக்கிறார்கள். பட்டம் கட்டாயமில்லை. பிளான், செக்‌ஷன், எலிவேஷன் என மூன்று வரைபடங்களையும் தவறில்லாமல் படிக்கத் தெரிந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 1972-ம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் மட்டுமே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டில் ‘த்ரீடி விஷுவலைசர்’ என்றே போடுங்கள்.

எந்த மென்பொருள்?

ஸ்கெட்ச்அப், த்ரீடிஎஸ் மேக்ஸ், வி-ரே, கொரோனா, லூமியன் எனப் பட்டியல் நீளும். காசு போடாமல் தொடங்க பிளெண்டர் போதும். இது 2002 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். மரம், சோபா, டைல்ஸ் டெக்ஸ்சர் போன்றவற்றை பாலி ஹேவன் தளத்தில் இலவசமாக எடுக்கலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். ஏதாவது ஒன்றை எடுத்து ஆறு மாதம் அதிலேயே உழைப்பது நல்லது. ‘கிராக்’ செய்த மென்பொருள் வேண்டவே வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபக்கம். அதோடு வரும் வைரஸ், வாடிக்கையாளரின் ஃபைல்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கண்ணுக்குப் பயிற்சி

மென்பொருளைவிட முக்கியம் கவனிக்கும் பழக்கம். கதவு உயரம் ஏழடி. நிற்பவரின் கண்மட்டம் சுமார் ஐந்தடி. கேமராவை அந்த உயரத்தில் வைத்து, சுவர்களின் செங்குத்துக் கோடுகள் சாயாமல் பார்த்துக்கொண்டாலே படத்தில் நிதானம் வந்துவிடும்.

அடுத்தது வெயில். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மத்தியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து சாயும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் ஜனவரி மதியம் வெயில் பளபளப்பதாகக் காட்டினால், அந்த வீட்டுக்காரர் அப்படியொரு காட்சியைப் பார்க்கவே போவதில்லை. மென்பொருளில் ஊர், தேதி, நேரத்தைச் சரியாகக் கொடுத்தால் இந்தப் பிழை வராது.

முதல் வாடிக்கையாளர்

‘வேலை செய்து காட்டினால்தான் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால்தானே செய்து காட்ட முடியும்?’ என்று புலம்ப வேண்டாம். உங்கள் வீட்டையே அளந்து உருவாக்குங்கள். அதே கோணத்தில் போனில் ஒரு போட்டோ எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே பொய்யாகத் தெரிகிறது என்பது உடனே புரியும். அப்படிச் செய்த ஐந்து நல்ல படங்கள், அவசரத்தில் செய்த ஐம்பது படங்களைவிட மதிப்பானவை.

அந்தப் படங்களோடு உள்ளூர் இன்ஜினீயர்கள், இன்டீரியர் டிசைனர்கள், மாடுலர் கிச்சன் செய்பவர்கள், சிறிய பில்டர்கள் ஆகியோரை நேரில் பாருங்கள். வெளிநாட்டு வேலை பிறகு வரும். போன் எடுத்தால் பேசும் தூரத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம்தான் தொழில் நன்றாகப் பிடிபடும்.

விலை போடுவது எப்படி?

‘பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்குகிறார்?’ என்று பார்த்து விலை சொல்வதுதான் புதியவர்களைக் கவிழ்க்கிறது. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். உதாரணமாக, வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும். கரன்ட், இன்டர்நெட், கம்ப்யூட்டர் தேய்மானத்துக்கு 10,000. மொத்தம் 40,000. 25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். அதில் பாதி போன் பேசுவதிலும், கொட்டேஷன் அனுப்புவதிலும், கற்றுக்கொள்வதிலும் போய்விடும். காசாவது 100 மணி நேரம்தான். அப்படியானால் மணிக்கு 400 ரூபாய். ஒரு படத்துக்கு 12 மணி நேரம் பிடித்தால் 4,800 ரூபாய். அதற்குக் கீழே இறங்கினால் உங்கள் கைக்காசைப் போட்டு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

‘அப்படியே ஒரு நிமிஷ வீடியோவும் குடுத்துடுங்க’ என்பார்கள். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால், ஒரு நிமிடத்துக்கு 1,500 படங்கள். ஒவ்வொன்றும் ரெண்டர் ஆக மூன்று நிமிடம் என்றாலும் 75 மணி நேரம் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடமே சொல்லுங்கள்; புரிந்துகொள்வார்கள்.

பணம் கைக்கு வர...

வாட்ஸ்அப்பிலாவது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம். முன்பணம் பாதி. திருத்தத்துக்கு வாட்டர்மார்க் போட்ட சிறிய படம். மீதிப் பணம் வந்ததும் முழு அளவுப் படம். படத்தின் உரிமை யாருக்கு, உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடலாமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்வது இலவசம். பதிவு செய்தவருக்கு, 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ.டி சட்டப்படி 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதித்தால் வட்டி கேட்கலாம். புகார் செய்ய ‘சமாதான்’ என்ற இணையதளம் இருக்கிறது. தமிழகத்தில் சேவைத்தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவு அவசியம். வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கினால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு பில் போடுங்கள்.

படத்தை நம்பி ஒரு குடும்பம்

இந்தத் தொழிலில் பலரும் பேசாத பக்கம் ஒன்று உண்டு. நீங்கள் செய்யும் படத்தைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கிறது. இருபது வருட இ.எம்.ஐ-க்குக் கையெழுத்துப் போடுகிறது. பக்கத்து மனையை அழித்துவிட்டு அங்கே பூங்காவைப் போடச் சொல்வார்கள். பத்தடி ஹாலைப் பதினாறடி மாதிரி அகலமாகக் காட்டச் சொல்வார்கள். 2016-ம் ஆண்டின் ரெரா சட்டத்தின் 12-வது பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடு கேட்கவும், திட்டத்திலிருந்து விலகி வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. அந்தப் பொறுப்பு பில்டருடையது. ஆனாலும் படம் உங்களுடையது.

அனுமதி பெற்ற பிளானைக் கேட்டு வாங்குங்கள். அதில் இல்லாததைப் படத்தில் வைக்கச் சொன்னால், ‘இது பிளானில் இல்லையே சார்’ என்று மெயிலில் ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியே போதும். போதவில்லை என்றால், அந்த வேலையை விட்டுவிடுவதால் நீங்கள் இழப்பது ஒரு பில் மட்டுமே.

ஏ.ஐ வந்துவிட்டதே?

வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் அழகான வீட்டைக் காட்டுகிறது. ஆனால், உங்கள் பிளானில் உள்ள ஜன்னலை அது இடம் மாற்றும். படிக்கட்டை எங்கும் போகாமல் முடிக்கும். வீடு கட்டுபவருக்கு வேண்டியது ஏதோ ஓர் அழகான வீடு அல்ல. அவருடைய 30-க்கு 40 மனையில் எழும்பப்போகும் வீடு. வரைபடத்தைப் படித்து, அளவு மாறாமல் உருவாக்கத் தெரிந்தவருக்கு ஏ.ஐ ஒரு கருவி. வெறும் பளபளப்பை மட்டும் விற்றவருக்குத்தான் இனி சிரமம்.

கையில் வேலை இருப்பவர்கள் அதை உடனே விட வேண்டாம். மாலை நேரத்தில் தொடங்குங்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகு முழுநேரம் பற்றி வீட்டில் பேசுங்கள். அதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பை எடுத்து உங்கள் வீட்டு ஹாலை அளந்து, பேப்பரில் வரைந்துவிடுங்கள். முதல் படத்துக்கான பிளான் தயார்!