ஏலத்தோட்ட வீட்டில் ஓஎல்இடி திரை

ஏலக்காய்ப் பணம் கைக்கு வந்ததும் பிள்ளைக்கு உயர்தர கேமிங் மானிட்டர் வாங்க எண்ணும் சாந்தன்பாறை வாசகர்களுக்குச் சில சொல்வோம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை மாறும் காட்சி, 240 ஹெர்ட்ஸில் 4.2 மில்லி விநாடியிலேயே மாறுகிறது; ஓஎல்இடியில் இருளும் இருளாகவே தெரியும். அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு கணினியில் இல்லையேல் செலவு வீண்.

பகலெல்லாம் அதே திரையில் புற்றடி, போடிநாயக்கனூர் ஏல விலைப்பட்டியலை அசையாது வைத்திருக்கும் வீடுகளுக்கு ஓஎல்இடியை நாம் பரிந்துரைக்கமாட்டோம். நிலைத்து நிற்கும் எழுத்துகள் நாளடைவில் தழும்பாகப் பதியக்கூடும். அங்கே ஐபிஎஸ் திரையே போதும், விலையும் குறைவு.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 விழுக்காடாயிருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடு. 'வட்டியில்லாத் தவணை' என்பாரிடம், ரொக்கத்துக்குரிய தள்ளுபடி அதிலும் உண்டா எனக் கேட்டறிக. ஐப்பசி இடிமழையின்போது, யுபிஎஸ் இருந்தாலும், பிளக்கைக் கழற்றிவைப்பது நன்று.