எங்கள் படங்களை எங்கே வைப்பது?

சென்ற ஆண்டு நாங்கள் சீயமங்கலத்திற்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலையும், தூணில் ஆடும் சிவபெருமானையும் ஆசை தீரப் படம் எடுத்தோம். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம் இன்றும் இருக்கிறது. எங்கள் படங்களோ மூன்று மாதம்கூட இருக்கவில்லை! ஒரே கணினியின் வன்தட்டில் வைத்திருந்தோம், அது பழுதாயிற்று. ஆண்டு மலருக்கு ஒரு படமும் மிஞ்சவில்லை.

"பல கணினிகளில் வைத்தால் என்ன, மிஸ்?" என்று கணினி ஆசிரியையிடம் கேட்டோம். அதற்கென்றே பரவல் கோப்பு முறைமைகள் உள்ளனவாம். பல கணினிகளின் வன்தட்டுகளை இணைத்து ஒரே பெரிய அலமாரியாகக் காட்டுபவை அவை.

அலமாரி என்றால் எந்த நூல் எந்தத் தட்டில் என்று தெரிய வேண்டுமல்லவா? லஸ்டர் என்னும் முறைமையில் அதைச் சொல்லவே தனிக் கணினி உண்டு. நூலகத்தில் பதிவேட்டுடன் அமர்ந்திருக்கும் சிஸ்டரைப் போன்றது அது. அவர் வராத நாளில் மாற்று ஆள் இல்லையென்றால் நூல் கிடைக்காது!

குளஸ்டர் என்னும் முறைமையில் பதிவேடே கிடையாது. கோப்பின் பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டால் இருப்பிடம் தெரிந்துவிடும். இதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், நம் அண்டை மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி. 2004இல் உலகின் இரண்டாவது வேகமான கணினியாக விளங்கிய 'தண்டர்' உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. அது 4,096 செயலிகள் கொண்ட லினக்ஸ் கணினித் தொகுதி. 2011இல் குளஸ்டரை ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது.

உடனே அதையே நிறுவத் துடித்தோம். ஆனால் சிறுசிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது மெதுவாகிவிடும். இரண்டே நகல்கள் வைத்தால், தொடர்பு அறுந்த வேளையில் இரண்டும் வெவ்வேறாகத் திருத்தப்பட்டு, எது சரி என்ற குழப்பம் வரும். ஆகவே மூன்று கணினிகள் வேண்டும். எங்களிடம் இருப்பவையோ இரண்டு பழைய கணினிகள். இன்னொன்று கேட்டுத் திகைத்துப் போனோம்: ஒருத்தி தவறி ஒரு படத்தை அழித்தால், மூன்று நகல்களும் ஒருசேர அழிந்துவிடும்!

முடிவில், ஒரு கணினியில் லினக்ஸ் நிறுவி, சன் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். முறையில் கோப்புகளைப் பகிர்ந்தோம். மாலை மணி அடித்ததும் மற்றக் கணினிக்கு நகல் செல்லும். இங்கே அழித்தாலும் அங்கே அழியாது. வெள்ளிதோறும் ஒரு வெளித்தட்டில் நகல் எடுத்து ஆசிரியை வீட்டிற்குக் கொண்டுசெல்கிறார்.

இவ்வாண்டு மீண்டும் சீயமங்கலம் சென்றோம். அந்தத் தூணருகே நாங்கள் நிற்கும் படத்தை இம்மலரின் நடுப்பக்கத்தில் காணலாம்.