மொழியும் கருவியும் – 11: ‘ஆனால்’ பின்னால் வந்தால்

போன வாரம் டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியைப் பார்த்தோம். அறிவித்த பிறகே எதையும் பயன்படுத்தலாம் என்ற பாஸ்கலின் விதியும் 1983இல் வந்த அந்தக் கருவியின் வேகத்துக்கு ஒரு காரணம். இந்த வாரம் ஸ்மால்டாக் மொழி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் எழில் குறுக்கே வந்துவிட்டது.

எழில், முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கிய தமிழ் நிரல்மொழி. உள்ளே ஓடுவது பைத்தான். ஆங்கிலச் சொற்களைக் கழற்றித் தமிழ்ச் சொற்களை மாட்டியதுதானே என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்கட்டும்:

@( வயது >= 18 ) ஆனால்

நிபந்தனை முன்னால், ‘ஆனால்’ பின்னால். நாம் பேசுகிற வரிசை. பைத்தானில் ‘இஃப்’ முதலில் வந்துவிடும். அந்த இரண்டு எழுத்தைக் கண்டதுமே எடிட்டர் நிறம் காட்டும், மிச்சச் சட்டகத்தைத் தானே போட்டும் கொடுக்கும். எழிலில் ‘@(’ என்று தொடங்கினால், நிபந்தனையோ சுழற்சியோ ஏதோ ஒன்று வருகிறது என்பது மட்டும் தெரியும். அது ‘ஆனால்’ ஆகுமா, ‘வரை’ ஆகுமா, ‘ஆக’வா, ‘ஒவ்வொன்றாக’வா என்பது அடைப்புக்குறியை மூடிய பிறகுதான் விளங்கும். எனவே எழிலுக்கு எடிட்டர் செய்கிறவர் உதவியை வரியின் தொடக்கத்தில் வைத்துப் பயனில்லை. மூடும் அடைப்புக்குறி விழுந்ததும் இந்த நான்கு சொற்களையும் காட்ட வேண்டும். ஒன்றைத் தேர்ந்ததும் கீழே ‘முடி’ தானாக வந்து உட்கார வேண்டும். மொழியின் சொல்வரிசை மாறியதும் கருவி உதவ வேண்டிய இடமே மாறிவிடுகிறது! இந்தத் தொடரைத் தொடங்கிய நாள் முதல் நான் தேடிக்கொண்டிருந்த சான்று இது.

அந்த ‘முடி’யும் சும்மா இல்லை. பைத்தானில் ஒரு தொகுதி எங்கே முடிகிறது என்பதை உள்தள்ளல்தான் சொல்லும். அதனால்தான் பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரில் முக்காற்புள்ளி வைத்து என்டர் தட்டினால் அடுத்த வரி தானே உள்ளே தள்ளி நிற்கிறது. கேரளப் பள்ளிகளில் பைத்தான் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது கைப்பழக்கம். எழிலில் உள்தள்ளல் கோணலாக இருந்தாலும் ‘முடி’ இருந்தால் நிரல் ஓடும். எடிட்டருக்கு அந்தச் சுமை குறைவு.

மொழி எடிட்டரின் சுமையைக் குறைப்பது புதிதல்ல. 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியைக் கொண்டுவந்தபோது மாணவர்கள் முன்னால் திரை கிடையாது, காகிதத்தில் அடிக்கும் டெலிடைப்தான். 20ஆம் வரியை மாற்ற, 20 என்று போட்டுப் புதிதாக அடித்தால் போதும். இடையில் ஒரு வரி செருக வேண்டுமா, 15 என்று அடிக்கலாம். வரியெண்தான் எடிட்டர். மொழிக்குள்ளேயே கருவியை வைத்த கெட்டிக்காரத்தனம் அது.

எழிலுக்கு வருவோம். தமிழில் நிரல் எழுதும்போது எழுத்தை எண்ணுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோபாலபுரம்: கண்ணுக்கு 6 எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 10. ‘கோ’வில் ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ‘ம்’மில் மகரம் ஒன்று, புள்ளி ஒன்று. யூடிஎஃப்-8 கோப்பில் இதே பெயர் 30 பைட். இந்தச் சொல்லை அடுத்து ஒரு பிழை என்றால், கணினி கணக்கில் அது 11ஆம் இடம், படிக்கிற பிள்ளையின் கணக்கில் 7ஆம் இடம். பேக்ஸ்பேஸைத் தட்டினால் பல எடிட்டர்களில் ‘கோ’ முழுதாகப் போகாது, ‘க’ மிஞ்சும். தமிழில் நிரல் எழுதுகிற கருவி எழுத்தை எழுத்தாக எண்ண வேண்டும். எழில் குழுவினரே உருவாக்கிய ஓபன்-தமிழ் நிரலகம் அப்படித்தான் எண்ணுகிறது. எல்லா எடிட்டரும் அதைச் செய்யும் வரை தமிழ் நிரலாளருக்குப் பாதிக் கருவிதான் கையில் இருக்கிறது என்பேன்.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளில் கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழில் கட்டற்ற மென்பொருள், காசு கேட்காது. மேலே உள்ள வரியைப் பிள்ளைகளிடம் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர்கள் கை தயங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள். ஸ்மால்டாக் அடுத்த வாரம்.