பணிந்து கேட்ட பாண்டியன்

தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், அங்குள்ள கல்வெட்டுப் பாடல் ஒன்றில் உதவி கேட்டிருக்கிறான். பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை ஏதும் நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் சாரம். 1924-ல் இடி தாக்கிச் சிதைந்த ராஜகோபுரம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் மொட்டையாக நின்று, 1990-ல்தான் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. கல்வெட்டால்தான் எழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், இன்னும் பிறக்காதவர்களிடம் ஓர் அரசன் கூசாமல் கேட்டிருக்க, பக்கத்து வீட்டில் ஏணி கேட்க நாம் ஏன் இத்தனை யோசிக்கிறோம்?

நம் கணக்கு தப்பாக இருப்பது ஒரு காரணம். அமெரிக்க ஆய்வாளர்கள் பிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத மூவரிடம் கைபேசியை இரவல் வாங்கச் சிலரை அனுப்பினார்கள். பத்துப் பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனவர்களுக்குச் சராசரியாக ஆறு பேரிடம் கேட்டதிலேயே காரியம் முடிந்தது. எதிராளிக்கு ஆகும் சிரமத்தைக் கேட்பவர் எடைபோடுகிறார். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்பதும் அவருக்குச் சங்கடம்தான் என்பதை விட்டுவிடுகிறார்.

அப்படியானால், கேட்பது ஒருவரைச் சங்கடத்தில் மாட்டிவைக்கும் வேலைதானே என்று கேட்கலாம். கேட்கும் விதத்தைப் பொறுத்தது அது. பாண்டியன் யார் பெயரையும் சொல்லவில்லை, யாருக்கும் கட்டளையிடவில்லை, செய்கிறவருக்கு முன்கூட்டியே மரியாதை மட்டும் செலுத்தினான். என்ன வேண்டும், எவ்வளவு, எப்போதைக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லி, மறுக்கவும் இடம்விட்டுக் கேட்பது நம்மாலும் முடியும்.

அரசன் கேட்பதும், பீடி சுற்றும் பெண் தன் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்பதும் ஒன்றாகுமா என்பது இன்னும் கனமான கேள்வி. ஒன்றாகாது. பணிந்ததால் அவன் முடி இறங்கவில்லை. அவளோ நாளைக்கு அதே தெருவில் ஏச்சுக் கேட்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு பக்கத்தையும் வள்ளுவர் அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்தார். தக்கவரிடம் கேட்கலாம், அவர் ஒளித்தால் பழி அவருக்கே என்கிறது ‘இரவு’; மனமுவந்து தருபவரிடம்கூடக் கேளாதிருப்பதே மேல் என்கிறது ‘இரவச்சம்’. ஆக, எல்லாக் கூச்சமும் வீண் கற்பனை இல்லை. ‘தைரியமாகக் கேள்’ என்று இல்லாதவருக்குப் புத்தி சொன்னால் மட்டும் அது தீராது. கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லிக் காட்டாத பழக்கம் இருப்பவருக்கு வர வேண்டும். கேட்கிறவரின் கூச்சத்தில் பாதி, கொடுக்கிறவரின் வாயில் இருக்கிறது.