சரக்கு ஒன்று, வாசல் பல

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கடையில் உட்கார்ந்திருந்தேன். நீலக் கட்டம் போட்ட டபுள் காட் பெட்ஷீட்டில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கோவையிலிருந்து வந்த குடும்பம் அதை எடுத்துப் பில்லும் போட்டுவிட்டது. கடைக்காரரின் தம்பி கம்ப்யூட்டருக்கு ஓடி, இணையதளத்தில் ‘ஸ்டாக் இல்லை’ என்று மாற்றுவதற்குள், சென்னையில் யாரோ அதே பெட்ஷீட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். வாட்ஸ்அப்பில் படம் பார்த்த இன்னொருவர், “அண்ணா, அந்த நீலத்தை எனக்கு எடுத்து வைங்க” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஒரு பெட்ஷீட்டுக்கு மூன்று பேர்!

கடைக்காரர் இரண்டு பேருக்கு போன் போட்டு வருத்தம் சொன்னார். ஒருவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினார். “இருக்குன்னு சொல்லிட்டு அப்புறம் இல்லைங்கிறது வியாபாரிக்கு அசிங்கமுங்க” என்றார்.

அவர்களது இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் ‘ஆடித் தள்ளுபடி’ பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. “தளத்தைச் செஞ்சு குடுத்தவரு, சீசன் நேரத்துல டிசைன்ல கை வெச்சா பேமெண்ட் நின்னாலும் நின்னுரும்கறாரு. தீபாவளி முடியட்டும்னு விட்டுட்டோம்” என்றார் தம்பி.

தலை வேறு, உடல் வேறு

எந்த ஆன்லைன் கடைக்கும் இரண்டு பாகங்கள் உண்டு. வாடிக்கையாளர் பார்க்கிற படம், பட்டன், பேனர் எல்லாம் முன்பக்கம். ஸ்டாக் கணக்கு, விலை, ஜிஎஸ்டி பில், பணம் வாங்குவது, கூரியருக்கு அனுப்புவது எல்லாம் பின்பக்கம். ரெடிமேடாகக் கிடைக்கும் பல மென்பொருள்களில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தே வரும். ஷோகேஸையும் குடோனையும் ஒரே சுவராகக் கட்டியதுபோல. ஷோகேஸில் ஆணி அடித்தால் குடோன் அதிரும். புதிதாக ஒரு விற்பனை வழி வந்தால், அதற்கென்று தனி ஸ்டாக் கணக்கு எழுத வேண்டியிருக்கும்.

‘ஹெட்லெஸ் காமர்ஸ்’, அதாவது தலையில்லா வணிகம் என்ற முறை அந்தச் சுவரைப் பிரித்துவிடுகிறது. முன்பக்கம்தான் ‘தலை’. அதைக் கழற்றித் தனியாக வைத்துவிடுவதால் இந்தப் பெயர். இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்துவது ஏபிஐ. பெரிய ஜவுளிக்கடையில் கவுண்டருக்கும் குடோனுக்கும் இடையே சீட்டு கொண்டு ஓடும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ‘நீலக் கட்டம், டபுள் காட், எத்தனை?’ என்று சீட்டு போகும். ‘ஒன்று’ என்று பதில் வரும். சீட்டை எழுதியது இணையதளமா, மொபைல் ஆப்பா, கடைக் கல்லாவா என்பது பற்றி அவனுக்குக் கவலையில்லை. சீட்டை எழுதும் முறை சரியாக இருந்தால் போதும்.

இதனால்தான் சரக்கை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு வாசலை எத்தனை வேண்டுமானாலும் திறக்க முடிகிறது. நாளைக்குக் கடை நடுவில் ஒரு தொடுதிரை வைக்க வேண்டுமா? அதுவும் இன்னொரு வாசல், அவ்வளவுதான். கல்லாவில் பில் விழுந்த நொடியே இணையதளத்திலும் எண்ணிக்கை குறையும்படி செய்துவிடலாம்.

மியூனிக்கில் 2006-ல் தொடங்கிய காமர்ஸ்டூல்ஸ் நிறுவனம் இந்த முறையை முன்னெடுத்தவற்றில் முக்கியமானது. ரெடிமேட் கடைகளுக்குப் பெயர்போன ஷாப்பிஃபையும் பின்னாளில் இந்தப் பாதைக்கு வந்தது. முன்பக்கத்தைத் தனியாகக் கட்டிக்கொள்ள ‘ஹைட்ரஜன்’ என்ற கருவியை 2021-ல் அறிவித்தது.

2ஜி போனில் திறந்த கடை

முகத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2015-ல் ஃபிளிப்கார்ட் தன் மொபைல் இணையதளத்தை மூடி, எல்லோரையும் ஆப்புக்கு வரச் சொன்னது. ஆனால் பலருடைய போனில் ஆப்பை இறக்க இடமில்லை, சிக்னலும் 2ஜி. அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ வந்தது. பிரவுசரிலேயே திறக்கும், ஆப் போலவே நடந்துகொள்ளும் புதிய முகம் அது. சரக்கும் விலையும் டெலிவரியும் பழையபடியே. மக்கள் அதில் செலவிட்ட நேரம் மூன்று மடங்கானது என்றும், டேட்டா செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்றும் கூகுள் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு சொல்கிறது.

வேகம் என்பது வியாபாரத்தில் சின்ன விஷயமில்லை. ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளின் மொபைல் தளங்களை ஆராய்ந்து டெலாய்ட் 2020-ல் தந்த அறிக்கையின்படி, தளம் 0.1 விநாடி வேகமானபோது சில்லறை விற்பனைத் தளங்களில் பார்க்க வந்து வாங்கியவர்களின் விகிதம் 8.4 சதவீதம் உயர்ந்தது. பிரிந்து நிற்கும் முன்பக்கத்தை, பின்பக்கத்தின் பாரமில்லாமல் இலகுவாகக் கட்டலாம். ஆனால் கட்டுபவர் கவனமாகக் கட்ட வேண்டும். ஹெட்லெஸ் என்ற பெயர் மட்டுமே எந்தத் தளத்தையும் வேகமாக்கிவிடாது.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். ஐம்பது பொருள், ஒரே இணையதளம் என்றிருக்கும் கடைக்கு ரெடிமேட் மென்பொருளே போதும். தலையைப் பிரித்தால் பராமரிப்பு இரட்டிப்பாகும். முன்பக்கத்துக்கென்று விவரம் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு கிளிக்கில் சேர்த்துக்கொண்ட கூடுதல் வசதிகள் பல, புதிய முகத்தில் தானாக வேலை செய்யாது. ஏதாவது நின்றுபோனால், ‘என் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று இரண்டு தரப்பும் கையை விரிக்கும் நாளும் வரும். கல்லா, இணையதளம், ஆப், வாட்ஸ்அப் என்று வாசல்கள் பெருகி, கணக்கு கைமீறும்போதுதான் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

சிறு வியாபாரி இந்தத் தத்துவத்தின் பலனை வேறு வழியிலும் பெறலாம். மத்திய அரசின் முயற்சியில் உருவான ஓஎன்டிசி வலையமைப்பு, 2022 ஏப்ரலில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்ட ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. விற்பவர் ஓர் ஆப்பில் சரக்கைப் பதிவு செய்தால், வாங்குபவர் வேறொரு ஆப்பில் அதைப் பார்க்கலாம். சரக்கும் வாசலும் இங்கேயும் தனித்தனிதான். இது ஒரு கடையின் அளவைத் தாண்டி நாட்டின் அளவில் நடக்கிறது.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை மென்பொருள் வாங்குவதில்லை. கணக்கை ஒன்றாக்குவதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு விலை, ஒரே ஸ்டாக் பதிவு. அது சரியில்லாமல் வாசலை மட்டும் பெருக்கினால், தவறான கணக்கு எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும்.

பொங்கலுக்குப் பிறகு மறுபடி சென்னிமலைக்குப் போயிருந்தேன். இணையதளம் இன்னும் பழைய முகத்தோடுதான் இருந்தது. ஆனால் அலமாரியில் ஒவ்வொரு பெட்ஷீட்டின் மடிப்பிலும் புது பார்கோடு ஸ்டிக்கர். மூன்று நோட்டில் இருந்த ஸ்டாக் ஒரே பதிவாகிவிட்டது. தம்பி ஒரு பெட்ஷீட்டை ஸ்கேன் செய்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் நான்கு என்றிருந்தது. அலமாரியில் எண்ணிப் பார்த்தேன். நான்குதான் இருந்தன.