சம்பளத்தில் பிடிக்கிற அந்த 90 ரூபாய்

திருப்பூரில் தைத்த டி-ஷர்ட் பெட்டிகள் லாரியேறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பும்போது சரக்குக்கு இன்சூரன்ஸ் போட்டிருப்பார்கள். போய்ச் சேர்ந்த சரக்குக்குப் பணம் தராமல் வெளிநாட்டு வியாபாரி கையை விரித்துவிட்டால் நஷ்டத்தின் பெரும்பகுதியை ஈடுகட்ட, 1957-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் ஒன்று இருக்கிறது, இ.சி.ஜி.சி. என்றால் இந்த ஊர் ஏற்றுமதியாளர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். குடோனில் கிடக்கும் நூலுக்குத் தீ இன்சூரன்ஸ் தனி. வரக்கூடிய நஷ்டத்தை முன்கூட்டியே கணக்குப் போடத் தெரிந்த ஊர் இது. அதே கம்பெனியில், பிளஸ் டூ முடித்த கையோடு பவர் டேபிளில் உட்கார்ந்த பையனிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், பைக்குக்கு இருக்கிறது என்பான். தன் உடம்புக்கும் சம்பளத்துக்கும் இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது.

அதுதான் ஈ.எஸ்.ஐ. 1948-இல் சட்டமானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத எல்லோரையும் இதில் சேர்க்க வேண்டும். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 12,000 ரூபாய் வாங்குபவரிடம் 90 ரூபாய் பிடிப்பார்கள். கம்பெனி தன் பங்காக 390 ரூபாய் சேர்த்துக் கட்டும். இந்தப் பணம் திரும்பி வராது. இன்சூரன்ஸ் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஏலச்சீட்டில் போட்ட பணம் என்றைக்காவது ஒரு நாள் எல்லோர் கைக்கும் வந்து சேரும். இன்சூரன்ஸில் போட்டது, அடிபட்டவர் கைக்கும் நோயில் விழுந்தவர் கைக்கும் மட்டும் போகும். நம் முறை வராமலே இருந்தால் நமக்கு நல்லது.

ஓவர்லாக் மெஷினில் துணியைத் தள்ளிக்கொடுக்கும் விரல், ஒரு நொடி கவனம் பிசகினால் ஊசிக்கு அடியில் போய்விடும். ஊசி நகத்தைத் துளைத்து இறங்கும். சில நேரம் முனை உள்ளேயே ஒடிந்து நிற்கும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற நாட்களில், ராத்திரி ஏழு மணிக்கு மேல் யாருக்கும் இது நடக்கலாம். பக்கத்து கிளினிக்கில் ஒரு கட்டுப் போட்டு, இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்து, "ரெண்டு நாள் வீட்ல இரு கண்ணு" என்று அனுப்பிவிடுவார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அந்த நாட்களின் கூலி போனது போனதுதான்.

போக வேண்டியதே இல்லை. வேலையில் பட்ட காயத்தால், அடிபட்ட நாளைக் கழித்துக் குறைந்தது மூன்று நாட்களுக்கு வேலை செய்ய முடியாமல் போனால், சராசரி நாள் கூலியில் 90 சதவீதத்தை ஈ.எஸ்.ஐ. தரும். கூலி 400 என்றால் 360. இதற்கு இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது; சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விரல் முழுதாகச் சரியாகவில்லை என்றால் மருத்துவக் குழு ஊனத்தின் அளவைக் கணிக்கும்; அதன்படி ஆயுளுக்கும் உதவித்தொகை கிடைக்கும். ஆனால் கம்பெனி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். "வீட்டில் பட்ட அடி என்று சொல்லிவிடு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். அந்த ஒரு வரியில் ஆயுள் உதவித்தொகையே கை நழுவிவிடும். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே வழியில் நேரும் விபத்தையும் 2010-இல் செய்த திருத்தம் இதில் சேர்த்தது. பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் கம்பெனி வேனில் வருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

காய்ச்சல், மஞ்சள் காமாலை போன்ற சாதாரண நோய்க்குக் கணக்கு வேறு. கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மாறி மாறி வேலை செய்யும் இளைஞர்கள் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் பெயரில் எத்தனை நாள் கட்டியிருக்கிறார்கள் என்பதை ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பாருங்கள்.

"லீவுக்கு வந்த பையனுக்கெல்லாம் ஈ.எஸ்.ஐ. எதுக்குங்க?" என்ற பேச்சும் உண்டு. தற்காலிக வேலைக்கு வந்தவரும் தொழிலாளிதான். சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவான பயிற்சியாளர் மட்டுமே இதற்கு வெளியே நிற்கிறார். அவருக்கும் வேலையில் அடிபட்டால் கம்பெனி இழப்பீடு தர வேண்டும். வெறுமனே 'டிரெய்னி' என்று பேர் வைத்துவிட்டதால் யாரும் பழகுநர் ஆகிவிட மாட்டார்கள்.

சிக்கண்ணா கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. கல்லூரியிலோ படிப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? அப்பாவோ அம்மாவோ ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால், அவர்கள் சம்பாத்தியத்தில் படிக்கும் பிள்ளைக்கு 21 வயது முடியும்வரை ஈ.எஸ்.ஐ.யில் மருத்துவம் கிடைக்கும். அதில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே வீட்டில் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதினெட்டு முடிந்து வங்கிக் கணக்கு இருப்பவருக்கு, 2015 மே மாதம் தொடங்கிய இரண்டு மத்தியத் திட்டங்கள் உண்டு. ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு: விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். 436 ரூபாயில் ஆயுள் காப்பீடு: எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டும். இரண்டுக்கும் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கும் என்பதால், மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு அறுந்துவிடும். நாலு வங்கியில் நாலு முறை சேர்ந்தாலும் ஒரு முறைதான் பணம் வரும். நாமினி பெயரை எழுதுவது போலவே, இப்படி ஒன்று இருக்கிறது என்பதை அம்மாவிடம் சொல்வதும் முக்கியம். தெரியாத குடும்பம் பணம் கேட்டு எப்படிப் போகும்?

முதல் சம்பளம் வந்த மாதமே, சொந்தத்தில் ஏஜென்டாக இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ பாலிசி படிவத்தோடு வருவார். முதிர்வில் பணத்தைத் திருப்பித் தரும் பாலிசியில், நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி சேமிப்புக்குப் போகும்; உயிருக்கான காப்பீடு கொஞ்சமாகத்தான் இருக்கும். உங்களை நம்பி யாரும் இல்லாதபோது ஆயுள் காப்பீட்டுக்கு அவசரம் இல்லை என்பது என் எண்ணம். வீட்டுக் கடனையோ தங்கச்சி படிப்பையோ சுமப்பவர் என்றால், பணம் திரும்பாத டேர்ம் பாலிசியை விலை கேளுங்கள்; அதே பிரீமியத்துக்குப் பல மடங்கு தொகை கிடைக்கும். மாமாவுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் ரத்து செய்யலாம்.

கடைசியாக பைக். தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். நீங்கள் மோதி அடிபட்டவருக்குப் போகும் பணம் அது. உங்கள் கால் முறிந்தால் அதிலிருந்து பைசா வராது. விபத்தில் நீங்கள் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ பணம் கிடைக்க வேண்டுமானால், வண்டி உங்கள் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்து, 15 லட்சத்துக்கான உரிமையாளர் விபத்துக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஒருவரை இடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. பதினெட்டு நிரம்பாத மகனுக்கு வண்டியைக் கொடுத்த தகப்பனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தோடு இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புது பைக்குகளுக்கு ஐந்து ஆண்டு தர்ட் பார்ட்டி சேர்த்தே கொடுத்தார்கள். முதலில் விற்ற வண்டிகளுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றில் பலவும் இப்போது கைமாறி கல்லூரி வாசல்களில்தான் நிற்கின்றன. பாலிசியில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.