தமனிக்குள் காற்று

ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துவது சிரையில். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்ப்பது தமனியில். இதயம் தள்ளிவிடும் ரத்தம் அதில் அழுத்தத்தோடு பாய்கிறது. வெட்டுப்பட்டால் துடிப்புக்குத் துடிப்பு பீறிடும். இந்தக் குழாயை ஆங்கில மருத்துவம் 'ஆர்ட்டரி' என்கிறது. மூலமான கிரேக்கத்தில் 'ஆர்ட்டீரியா' என்பது முதலில் மூச்சுக்குழாயின் பெயர்.

மூச்சுக்குழாயின் பெயர் ரத்தக்குழாய்க்கு வந்த குழப்பத்துக்குக் காரணம் பிணங்கள். உயிர் பிரிந்தபின் தமனியின் தடித்த சுவர் சுருங்கி, உள்ளிருக்கும் ரத்தத்தில் பெரும்பகுதியைச் சிரைகளின் பக்கம் தள்ளிவிடுகிறது. அறுத்துப் பார்த்தவர்கள் கண்டது ரத்தம் நிறைந்த சிரைகளையும் வெறுமையான தமனிகளையும்தான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கோஸ் தீவின் பிராக்சகோரஸ் இவ்விரண்டையும் வேறு பிரித்து, தமனியில் ஓடுவது 'நியூமா' என்னும் உயிர்க்காற்று என்றார். கண்டது சரி, முடிவுதான் கோளாறு.

அப்படியானால் உயிருள்ளவரின் தமனியை வெட்டும்போது ரத்தம் கொட்டுவது ஏன்? அலெக்சாந்திரியாவின் எராசிஸ்டிராட்டஸ் அதற்கும் பதில் வைத்திருந்தார். வெட்டியதும் காற்று வெளியேறிவிடுகிறது, அந்த இடத்தை நிரப்ப நுண்வழிகள் ஊடே சிரை ரத்தம் பாய்ந்து வருகிறது என்றார். கெட்டிக்கார விளக்கம்! பாயும் திசையைத் தலைகீழாகச் சொன்னாலும் அந்த நுண்வழிகள் வெறும் கற்பனை அல்ல. 1661-இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, தந்துகிகளைக் கண்டறிந்தார்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கேலன் வாதத்தோடு நிற்கவில்லை. உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் நூலால் இறுக்கிக் கட்டி, நடுவே கீறினார். வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லை. உள்ளே இருந்தது ரத்தம். ஆனாலும் அதில் கொஞ்சம் உயிர்க்காற்று கலந்திருக்கிறது என்பதை அவரும் கடைசிவரை விடவில்லை.

பெயர் தமனிக்கே நிலைத்துவிட்டது. மூச்சுக்குழாயைப் பிரித்துக்காட்ட, குருத்தெலும்பு வளையங்களால் அது மேடுபள்ளமாக இருப்பதால், 'சொரசொரப்பான ஆர்ட்டீரியா' என்றார்கள். நாளடைவில் பெயர்ச்சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சியது. அதுதான் 'ட்ரக்கியா'.

'தமனி' வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வேருக்கும் ஊதுதல் என்றே பொருள்!

இன்றைய பாடநூல் உள்ளே ஓடுவதைப் பார்த்துத் தமனியை அடையாளம் காண்பதில்லை. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோனால் தமனி, உள்ளே கொண்டுவந்தால் சிரை. அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைச் சுமந்தாலும் நுரையீரல் தமனி தமனியாகவே இருக்கிறது.